கழுத்துத் தமனி அறுவைக்குப் பின் தலைவலியா? மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்

கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் அடைப்பை அறுவை செய்து நீக்கி, நன்றாக நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பிய ஒருவரை ஆறாவது நாள் வலிப்புடன் தூக்கிவந்தார்கள். ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு. இரண்டு நாளாகத் தலைவலி இருந்திருக்கிறது. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறார். பிரஷர் மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். "அடைப்பைத்தான் எடுத்துவிட்டீர்களே, இனி எதற்கு டாக்டர்?" என்றார் மகன். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

அடைப்பை எடுத்ததால்தான் ரத்த அழுத்தம் முன்பைவிட முக்கியமாகிறது. குழாய் பெருமளவு அடைபட்டிருந்த காலமெல்லாம் அதற்கு மேலே உள்ள மூளைப்பகுதி குறைந்த ரத்தத்தில் பிழைத்திருக்கிறது. கிடைத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ள அங்குள்ள நுண்குழாய்கள் விரிந்தே கிடந்து, சுருங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். நாள்பட வறண்ட வாய்க்காலுக்கு மதகை முழுதாகத் திறந்துவிட்டால் கரை என்ன ஆகும்? அழுத்தமும் எகிறினால் அந்தக் குழாய்கள் உடையலாம். அரிதாகத்தான் நடக்கும்; நடந்தால் பலர் பிழைப்பதில்லை. முதல் வாரத்தில் ஆபத்து அதிகம், முதல் மாதம் வரை கவனம் தேவை.

ஆகவே அறுவை செய்த பக்கத்துத் தலையிலோ கண்ணைச் சுற்றியோ விண்விண்ணென்று தெறிக்கும் வலி, குழப்பம், பார்வை மங்கல், வலிப்பு என எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். அவை ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்தம் உறையாமலிருக்க நாங்கள் கொடுத்திருக்கும் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பும் கூடும். வீட்டில் பிரஷர் கருவி வாங்கிவைத்து, காலையும் மாலையும் பார்த்து எழுதிவையுங்கள். மேல் அளவு 160-ஐத் தாண்டினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இதைப் படித்துப் பயந்து ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். அது நடப்பதையும் பார்க்கிறேன். சுத்தம் செய்து தைத்த இடத்தில் ரத்தம் உறைந்தால், எதைத் தடுக்க அறுவை செய்தோமோ அந்தப் பக்கவாதமே வந்துவிடும். பல் பிடுங்கப் போனாலும் எங்களிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

மருத்துவமனையில் முதல் நாள் அருகில் இருப்பவர்களுக்கு ஒன்று. கழுத்தில் போட்ட கட்டு ரத்தத்தில் நனையவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உள்ளேயே ரத்தம் தேங்கி மூச்சுக்குழாயை நெருக்கும். கழுத்து வீங்குகிறது, குரல் மாறுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். தியேட்டருக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லாமல் படுக்கையிலேயே நாங்கள் தையலைப் பிரிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு அவசரம் அது.

டிஸ்சார்ஜ் தாளில் எங்கள் எண் இருக்கிறது. நள்ளிரவானாலும் தயங்காமல் அழையுங்கள். சாதாரணத் தலைவலியாக இருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.