கம்பியைத் தள்ளி நட்டால் ஆழம் தெரியும்

மேலூர்ப் பக்கம் சித்தப்பா வயலில் போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்க ஒருவர் வந்திருந்தார். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில் அடித்து இறக்கினார். வெளியே உள்ள இரண்டு கம்பிகளில் மின்சாரத்தைச் செலுத்தி, நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே எவ்வளவு மின்னழுத்தம் என்று பெட்டியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மண் காய்ந்து கிடந்ததால் ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். அப்புறம் வெளிக் கம்பிகளைப் பிடுங்கி இன்னும் தள்ளி நட்டார். வரப்பைத் தாண்டிப் போனதும் சித்தப்பா கேட்டார்: "எதுக்கு அம்புட்டுத் தூரம் போறீங்க?"

"தள்ளி நட்டாத்தாண்ணே கரண்டு ஆழமா இறங்கும்."

ஈரமுள்ள சிதைந்த பாறையில் மின்சாரம் எளிதாக ஓடும், கெட்டிப் பாறையில் திணறும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் தண்ணீர் தேடுகிறார்கள். பூமியின் வெளிப்புறப் பாறை ஓடான மேலோட்டையும் அதன் கீழுள்ள தடித்த பாறை அடுக்கான கவசத்தையும் ஆராய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். தோண்டிப் பார்க்க வழியில்லை. ரஷ்யாவின் கோலாவில் போட்ட துளைதான் உலகிலேயே ஆழமானது. அதுவே 12,262 மீட்டர்தான். மதுரைக்குக் கீழே மேலோடு மட்டும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

அவ்வளவு ஆழத்துக்குக் கம்பியைத் தள்ளி நட்டு மாளாது. அதனால் இயற்கையே அனுப்பும் மின்சாரத்தைப் பிடிக்கிறார்கள். தொலைதூர மின்னல்களாலும் சூரியக்காற்றாலும் பூமியின் காந்தப்புலம் ஓயாமல் அசைகிறது. அந்த அசைவு மண்ணுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. வேகமான அசைவு மேலேயே அடங்கிவிடும், மெதுவான அசைவு ஆழம் போகும். அசைவு 100 மடங்கு மெதுவானால் ஆழம் 10 மடங்கு. இங்கே தூரத்துக்குப் பதில் காலம்! ஆகவே அந்த அசைவைப் பதிவுசெய்யும் காந்தச் சுருளைக் காற்றில் ஆடாதபடி குழியில் புதைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். பக்கத்தில் பம்புசெட் ஓடினால் அதன் மின் இரைச்சலும் பதிவில் ஏறிவிடும். ஆளில்லாத பொட்டல்தான் இதற்கு நல்ல இடம்.

நிலநடுக்க அலைகள் இன்னொரு வழி. 1909-இல் குரோவேசியாவின் மோஹோரோவிசிச் ஒரு நிலநடுக்கப் பதிவில், சில அலைகள் எதிர்பார்த்ததைவிட முந்தி வந்திருப்பதைக் கவனித்தார். கீழே இறங்கி, வேகமான பாறை வழியே ஓடி வந்த அலைகள் அவை. மேலோட்டின் அடிப்பகுதியில் விநாடிக்கு 7 கிலோமீட்டருக்குள் இருக்கும் வேகம், கவசத்தில் சுமார் 8 ஆகிறது. அந்த எல்லையைத்தான் இன்றும் மோஹோ என்கிறோம். தொலைவில் பூமி குலுங்கும்போது கீழிருந்து வரும் முதன்மை அலையில் ஒரு பகுதி மோஹோவில், பாறையைப் பக்கவாட்டில் அசைக்கும் வேகம் குறைந்த குறுக்கலையாக மாறிப் பின்தங்குகிறது. சுமார் 5 விநாடி பிந்தினால் 40 கிலோமீட்டர் மேலோடு என்று கணக்கு.

எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. கொடைக்கானல் மலையில் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை. சாலைக்காக வெட்டிய இடத்தில் உடைந்த முகத்தைப் பாருங்கள்: கரும்பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அதிலுள்ள கனிமங்கள் இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்து அழுத்தத்திலும் 800 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும் உருவானவை. ஒரு காலத்தில் மேலோட்டின் அடிப்பகுதியாக இருந்தது, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய் நம் காலடிக்கு வந்துவிட்டது. அத்தனையும் போன பிறகும் கருவிகள் கீழே இன்னும் 40 கிலோமீட்டர் காட்டுகின்றன.