குவாரியை கற்சுரங்கம்னு சொல்லலாமா?

எங்க வேலூர் பக்கம் மலைய உடைச்சு கல்லு எடுக்கிற எடத்துக்கு எல்லாரும் சொல்றது குவாரி, இல்லன்னா கல்குவாரி. அகராதிய புரட்டுனா 'கற்சுரங்கம்'னு போட்டிருக்கு, அத என்னால ஏத்துக்கவே முடியல. சுரங்கம்னா பூமிக்கு அடியில குடைஞ்சு போற வழி, குவாரியோ வானத்த பாத்து தொறந்து கெடக்குற பள்ளம்.

லத்தீன்ல 'குவாட்ரஸ்'னா சதுரம், அதுலேர்ந்து பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்ததுதான் குவாரி, அதாவது பாறைய சதுர சதுரமா வெட்டுற எடம். இதுல ஒரு சொந்தபந்தம் இருக்குது, லத்தீன்ல நாலுக்கு 'குவாட்டுவோர்', சமஸ்கிருதத்துல 'சதுர்', ரெண்டும் ஒரே வேரு, அந்த சதுர் வழியா வந்ததுதான் நம்ம 'சதுரம்'. வேட்டையில தொரத்துற மிருகத்தையும் இங்கிலீஷ்ல குவாரின்னு சொல்லுவாங்க, அது வேற சொல்லு.

சுரங்கம் வேற குவாரி வேறன்னு புரியணும்னா அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல கிரானைட் குவாரிங்க இருந்த குவின்சி ஊர் கதைய கேக்கணும். பாஸ்டன்ல இருக்கிற பங்கர் ஹில் போர் நினைவுத்தூணுக்கு (221 அடி உசரம்) கல்லு கொண்டுபோறதுக்குன்னே 1826ல கிரிட்லி பிரையன்ட் ஒரு சரக்கு ரயில் பாதை போட்டாரு, பேரு கிரானைட் ரயில்வே, குதிரைங்க கல்லு வண்டிய சுமார் மூணு மைல் இழுத்துட்டுப் போய் நெபோன்செட் ஆத்தங்கரையில சேர்க்கும், அங்கேர்ந்து படகுல போகும். பின்னாடி அங்க நீராவி இன்ஜினும் ஓடுச்சு. 1963ல கடைசி குவாரியும் மூடிட்டாங்க, பள்ளத்துல தண்ணி நின்னு, மேலேர்ந்து குதிச்ச பசங்க எத்தனையோ பேரு செத்துப்போனாங்க. கடைசியில பாஸ்டன்ல ரோட்டுக்கு சுரங்கம் தோண்டுன மண்ணையே கொண்டாந்து கொட்டி பெரிய பள்ளங்கள தூத்தாங்க.

அப்ப தமிழ்ல என்ன சொல்றது? எங்க ஊரு கோட்டைய சுத்தி இருக்கிற அகழிதான் எனக்கு வழி காட்டுச்சு. அகழ்னா தோண்டு, தோண்டுன பள்ளம் அகழி, மேல தொறந்திருக்கும், தண்ணி நிக்கும். கைவிட்ட பழைய குவாரியும் அச்சு அசலா அப்டித்தான் இருக்கும், பாறை முகத்துல மட்டும் ஆப்பு அடிச்சு பொளந்த ஓட்டைங்க பாதி பாதியா வரிசையா தெரியும், விரல வச்சா குழியில அப்டியே உக்காரும்.

அதனால எழுத்துல 'கல் அகழ்விடம்'னு எழுதலாம், பேச்சுல 'கல்லகழி' போதும். அகழிய பாத்து வளந்த எங்க ஊரு பசங்களுக்கு 'கல்லகழி பக்கம் போகாத, ஆழம் தெரியாது'ன்னு சொன்னா ஒடனே புரியும்.