டைமிங் பெல்ட்: 'நேரப் பட்டை' வேண்டாம், 'முறைவார்' போதும்

போன மாதம் என் பழைய மாருதி 800-இன் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். போரிங் முடிந்து, புது பிஸ்டன், ரிங் எல்லாம் போட்டு, ஹெட்டையும் ஏற்றியாகிவிட்டது. டைமிங் பெல்ட் மாட்டுவதுதான் பாக்கி; பிஸ்டனின் ஓட்டத்தோடு வால்வுகளின் திறப்பைக் கோத்து வைக்கிற, பல் வைத்த ரப்பர் பெல்ட் அது. பட்டறைப் பையன் கைப்பேசியில் ஏதோ ஒரு தமிழ் வீடியோவை ஓடவிட்டான். "இப்போது நேரப் பட்டையை நிறுவவும். நேர மதிப்பெண்களைச் சீரமைக்கவும்" என்றது குரல். மெக்கானிக் அண்ணன் தலையை நிமிர்த்தி, "என்னடா, வாட்ச் வாரையா மாட்டச் சொல்லுது?" என்றார்.

பெல்ட் மாட்டும்போது சக்கரங்களைப் பொருத்திப் பார்க்கிற குறியான டைமிங் மார்க் 'மதிப்பெண்' ஆனதை மன்னித்துவிடலாம். அது எந்திரம் பெயர்த்தது, என்ஜினையும் பரீட்சைத் தாளையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. ஆனால் 'நேரப் பட்டை'யை மனிதர்களே எழுதுகிறார்கள். உதிரிபாக விளம்பரத்தில், கார் பராமரிப்புக் குறிப்பில், அகராதிப் பட்டியலில் என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் கதை சின்னது. 'பெல்ட்' லத்தீன் 'பால்டியஸ்' வழி வந்தது. வாளைத் தொங்கவிடும் வார். 'டைம்' பழைய ஜெர்மானியச் சொல், கடலின் ஏற்றவற்றத்தைச் சொல்லும் 'டைட்' அதன் உறவு. 'டைமிங்' என்று வினையானதும் பொருள் நகர்ந்துவிட்டது: ஒன்றைச் சரியான தருணத்தில் நிகழவைப்பது. கிரிக்கெட்டில் "நல்ல டைமிங்" என்கிறோமே, அதை யாராவது "நல்ல நேரம்" என்று பெயர்ப்பார்களா? பெயர்த்தால் பஞ்சாங்கம் ஆகிவிடும்.

என்ஜினில் இந்தப் பிழை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே நேரத்தை யாரும் அளப்பதே இல்லை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதற்காகவே கேம் சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைப் போல இரு மடங்கு பல். பிஸ்டன் எங்கே நிற்கும்போது எந்த வால்வு திறக்க வேண்டும் என்பதைக் கிராங்க் திரும்பிய கோணத்தால் சொல்வார்கள். ஒரு சாதாரண என்ஜினில் இன்டேக் வால்வு பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்பே திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலில் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும்போது அந்த 10 டிகிரி ஏறத்தாழ 1.9 மில்லி விநாடி. 6000 சுற்றில் 0.3 மில்லி விநாடிகூட இல்லை. நேரம் ஆறேழு மடங்கு சுருங்குகிறது, கோணம் அசையவில்லை. அந்தக் கோணத்தைக் காப்பாற்றுவதுதான் பெல்ட்டின் வேலை. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றின் பெயரை, மாறாமல் பிடித்து வைக்கிற பொருளுக்குச் சூட்டுவது என்ன நியாயம்?

அடுத்தது 'பட்டை'. மரத்துக்குப் பட்டை, பிரியாணிக்குப் பட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை, சாராயத்திலும் ஒரு பட்டை உண்டு. இத்தனை வேலை பார்க்கிற சொல்லை இதற்கும் இழுப்பானேன்? இழுத்துக் கட்டுகிற நீண்ட பொருளுக்கு நம்மிடம் 'வார்' இருக்கிறது. செருப்பு வார், மிருதங்க வார் என்று இன்றும் புழங்குகிறது. புறநானூற்றின் 50ஆம் பாட்டு முரசைச் சொல்லும்போது "மாசற விசித்த வார்புஉறு வள்பின்" என்றே தொடங்குகிறது. வாரும் இருக்கிறது, விசித்தலும் இருக்கிறது. விசித்தல் என்றால் இழுத்துக் கட்டுதல். பெல்ட்டின் தொய்வை எடுக்கும் டென்ஷனரை 'விசிப்புருளை' என்றால் ஒன்றும் குறைந்துவிடாது. தனித்தமிழ் என்று கிளம்பி 'இடைவார்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது வேட்டிக்கு மேல் கட்டுவது ஐயா.

சரி, மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜெர்மன்காரர்கள் 'சான்ரீமன்' என்கிறார்கள்: பல் + வார், அவ்வளவுதான். இந்த ரப்பர்ப் பல்வாரைப் பெருவாரியாகத் தயாரித்த காரில் முதலில் போட்டதும் அங்கேதான், 1962-இல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004-இல். பிரெஞ்சிலும் இத்தாலியிலும் அதன் பெயரில் இருப்பது 'பகிர்ந்தளிப்பு'; காற்றும் எரிபொருளும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போய்ச் சேர்வதைப் பார்த்து வைத்த பெயர். நேரம் என்ற சொல் எவரிடமும் இல்லை. நாம்தான் ஆங்கிலத்தைப் பார்த்துக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டோம்.

'ஒத்திசைவு வார்' என்று சிலர் சொல்கிறார்கள். நேரப் பட்டைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஒத்திசைவு என்றால் இரண்டும் ஒன்றாகப் போவது. இங்கே ஒன்று இரண்டு சுற்று, மற்றது ஒரு சுற்று; வால்வுகளும் ஒன்றாகத் திறப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் தங்கள் முறை வரும்போதுதான் திறக்கின்றன.

சொல் அங்கேயே கிடக்கிறது பாருங்கள்: முறை. "முறை வைத்துத் தண்ணீர் திறப்பு" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். வாய்க்காலில் எந்த மடை எப்போது திறக்க வேண்டும், எது திறக்கும்போது எது அடைபட்டிருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குத்தான் முறை என்று பெயர். கேம் தண்டு செய்வதும் அதே வேலை. பட்டறையில் "டைமிங் வைக்கிறது" என்பார்கள். வயலில் "முறை வைக்கிறது" என்பார்கள். வினைச்சொல்கூட ஒன்றேதான். அதனால் டைமிங் பெல்ட் முறைவார், டைமிங் செயின் முறைச்சங்கிலி, டைமிங் மார்க் முறைக்குறி.

முறைக்கு வழி, உறவு, தடவை என்று வேறு பொருளும் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் வாரோடு சேர்ந்தபின் யாரும் மாமன் முறையை நினைக்கப் போவதில்லை. இன்னொரு எதிர்ப்பு கொஞ்சம் நியாயமானது: முப்பரிமாண அச்சுப்பொறியில் ஓடுகிற, பல்லுக்குப் பல் 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள சின்ன பெல்ட்டையும் ஆங்கிலத்தில் டைமிங் பெல்ட் என்றே விற்கிறார்கள். அங்கே முறையும் இல்லை, மடையும் இல்லை. அதற்கு ஜெர்மன்காரர் வழியில் 'பல்வார்' போதும். ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டு பொருளைச் சொல்கிறது என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள், பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை.

திறந்து பார்த்தால் என்ன தெரியும்? அன்றைக்குப் பையன் கேம் சக்கரத்தின் குறியை மேலே பொருத்தினான், கிராங்கின் குறியைக் கீழே பொருத்தினான், பெல்ட்டை மாட்டினான், டென்ஷனரை விட்டான். அண்ணன் அதை நம்பவில்லை. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். கீழ்க்குறி சேர்ந்தது, மேல்க்குறி ஒரு பல் தள்ளி நின்றது. மாட்டும்போது பெல்ட் ஒரு பக்கம் தொய்ந்திருந்திருக்கிறது. கேம் சக்கரத்துக்கு 40 பல் என்று கொண்டால் ஒரு பல் 9 டிகிரி. கிராங்க் கணக்கில் 18. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வந்து போகிற வகை என்ஜினாக இருந்து, இன்னும் இரண்டு மூன்று பல் தள்ளியிருந்தால் வால்வு வளைந்து, ஏற்றிய ஹெட்டை மறுபடி இறக்க வேண்டியதுதான். "மறுபடி கழட்டு" என்றார் அண்ணன். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் என் சொல் இடறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி வருகிற தருணமான இக்னிஷன் டைமிங்கை 'பற்றவைப்பு முறை' என்றால் பற்றவைக்கும் விதம் என்று பொருள்படும். அங்கே பொறி எத்தனை டிகிரி முந்தி வருகிறது என்பதுதான் கேள்வி. 'பொறி முந்தல்' என்று எழுதிப் பார்க்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் என் சொல்லை எடுத்துவிடலாம். 'பற்றவைப்பு நேரம்' மட்டும் வேண்டாம்.