டீப்ஃபேக்: போலியா, திருட்டா?

ஒருவர் முகத்தைக் கணினியால் எடுத்து, அவர் செய்யாததைச் செய்ததாகக் காட்டும் படமோ வீடியோவோ ஆக்குகிறார்கள். நம் செய்தித்தாள்களில் இந்தக் குற்றத்துக்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. ஒரு நாள் ‘டீப்ஃபேக்’ என்று வருகிறது, மறுநாள் ‘மார்ஃபிங்’, அடுத்த வாரம் ‘ஏஐ வீடியோ’. போலீஸ் குறிப்பை அப்படியே அச்சடித்தால் ‘ஆபாசமாகச் சித்தரித்து’. ஒரே செயலுக்குப் பல பெயர் இருப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு பெயரும் நம் பார்வையை ஒவ்வோர் ஆள் பக்கம் திருப்புகிறது, சில பெயர்கள் திருப்பக் கூடாத ஆள் பக்கம் திருப்பிவிடுகின்றன. அதனால் இந்தச் சொல்லை அடியிலிருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

சொல் பிறந்தது 2017-இன் கடைசியில். ரெடிட் தளத்தில் ‘டீப்ஃபேக்ஸ்’ என்ற புனைபெயரில் ஒருவர் கணக்கு வைத்திருந்தார். ஹாலிவுட் நடிகைகளின் முகங்களை ஆபாசப் படங்களில் நடித்த பெண்களின் உடல்மேல் பொருத்தி, அந்த வீடியோக்களை அங்கே போட்டார். எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கணினி தானே கற்கும் ‘டீப் லேர்னிங்’ முறையிலிருந்து ‘டீப்’, பொய்யானது என்ற பொருளில் ‘ஃபேக்’, இரண்டையும் ஒட்டித் தனக்கு வைத்துக்கொண்ட பட்டப்பெயர் அது. அவரைப் பார்த்து மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள். அதற்கென்று ஒரு குழுவே உருவானது. 2018 பிப்ரவரியில் ரெடிட் அந்தக் குழுவை மூடியது. குழு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. குற்றம் செய்த ஆள் சூட்டிக்கொண்ட பெயரையே உலகம் எடுத்துக்கொண்டது.

2019-இல் டீப்டிரேஸ் என்ற நிறுவனம் இணையத்தில் கிடந்த இத்தகைய வீடியோக்களை எண்ணிப் பார்த்தது. 14,678 கிடைத்தன. அவற்றில் 96 விழுக்காடு ஆபாச வீடியோக்கள். தேர்தலில் என்ன ஆகுமோ, போரில் என்ன ஆகுமோ என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இந்தத் தொழில்நுட்பம் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

இப்போது சொல்லின் முதல் பாதி. ‘டீப் லேர்னிங்’ என்பதை ஆழ்கற்றல் என்கிறோம். தமிழில் ‘ஆழ்’ என்றதும் உள்ளே அமிழ்வது, தோய்வது என்ற உணர்வு வந்துவிடும். ஆழ்ந்த அன்பு, ஆழ்ந்த உறக்கம், பக்தியில் ஆழ்ந்தவர் ஆழ்வார். கணினித் துறையின் ‘டீப்’ அப்படி ஒன்றும் இல்லை. கணக்கீடுகள் அடுக்கு அடுக்காகப் பல தளங்களில் நடக்கின்றன, அவ்வளவுதான். அடுக்கு கூடினால் ஆழம்.

அந்த அடுக்குகள் முகத்தை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தொடக்க கால முறை இதுதான். கருவியில் முகத்தைச் சுருக்கும் பகுதி ஒன்று, விரிக்கும் பகுதி இரண்டு. ‘அ’ என்பவரின் நூற்றுக்கணக்கான படங்களையும் ‘ஆ’ என்பவரின் நூற்றுக்கணக்கான படங்களையும் அந்த ஒரே சுருக்கும் பகுதிக்குள் அனுப்புவார்கள். இருவருக்கும் பொதுவானதை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கண் எவ்வளவு திறந்திருக்கிறது, உதடு எப்படிக் குவிகிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது. விரிக்கும் பகுதிகளில் ஒன்றுக்கு ‘அ’வின் முகம் மட்டும் தெரியும், மற்றதற்கு ‘ஆ’வின் முகம் மட்டும் தெரியும். அப்புறம் ஒரு மாற்று. ‘அ’வைச் சுருக்கி, ‘ஆ’வுக்கான பகுதியில் விரித்தால், சிரிப்பு ‘அ’வுடையது, முகம் ‘ஆ’வுடையது. நம் கதைகளில் இதற்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று பெயர். ஒரு வேறுபாடு, கதையில் பாய்கிறவர் உயிரில்லாத உடலுக்குள் நுழைவார். இங்கே அந்த முகத்துக்கு உரியவர் உயிரோடு, எங்கோ கல்லூரிக்கோ வேலைக்கோ போய்க்கொண்டிருக்கிறார்.

அன்று நூற்றுக்கணக்கான படங்களும் பல மணி நேரமும் வேண்டியிருந்தது, அதனால் இணையம் முழுக்கப் படம் கிடைக்கிற நடிகைகள் அகப்பட்டார்கள். இப்போது ஒரே ஒரு படம் போதும். அதனால் யார் வேண்டுமானாலும் அகப்படலாம். ஸ்பெயினில் அல்மென்ட்ராலெகோ என்ற சிறு ஊர், 2023 செப்டம்பர். பள்ளிச் சிறுமிகள் உடையோடு இருந்த சாதாரணப் படங்களை ஒரு செயலியில் போட்டு நிர்வாணமாக்கிப் பரப்பினார்கள். 20-க்கும் மேற்பட்ட சிறுமிகள் பாதிக்கப்பட்டார்கள். செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள். அவர்களில் 15 பேருக்கு 2024-இல் சிறார் நீதிமன்றம் ஓராண்டு கண்காணிப்பில் இருக்க உத்தரவிட்டது.

இந்தியாவில் பலருக்கு ‘டீப்ஃபேக்’ என்ற சொல் பழக்கமானது 2023 நவம்பரில். ஒரு பெண் லிஃப்டுக்குள் நுழைகிறார், முகம் ராஷ்மிகா மந்தனாவுடையது. அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். முதல் நொடியில், அவர் உள்ளே வரும்போது, வேறொரு பெண்ணின் முகம் தெரிகிறது. அடுத்த கணம் ராஷ்மிகாவின் முகம் மேலே வந்து படிகிறது. அந்த வேறொரு பெண்ணைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. அவர் தன் பக்கத்தில் தானே போட்ட வீடியோ அது. ஒருவருடைய முகம் போனது, இன்னொருவருடைய உடல் போனது, பறிகொடுத்தவர்கள் இரண்டு பேர். தான் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும்போது இது நடந்திருந்தால் எப்படிச் சமாளித்திருப்பேன் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை என்று ராஷ்மிகா எழுதினார். 2024 ஜனவரியில் ஆந்திராவைச் சேர்ந்த ஓர் இளைஞரை டெல்லி போலீஸ் கைது செய்தது. தான் நடத்திய ரசிகர் பக்கத்தைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அவர் செய்தார் என்றது போலீஸ்.

இனி இரண்டாம் பாதி, ‘ஃபேக்’. இதன் வேர் இன்னது என்று உறுதியாகச் சொல்ல முடியாத சொல் இது. ஆனால் அது எந்தத் தெருவில் புழங்கியது என்பது தெரியும். லண்டன் திருடர்களின் குழூஉக்குறியில் இருந்து மேலே வந்த சொல். ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற கைதி, ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த காலத்தில், 1812-இல் திருடர் பேச்சுக்கு ஓர் அகராதி தொகுத்தார். அதில் ஓர் ஆளை ‘ஃபேக்’ செய்வது என்றால் அவரிடம் கொள்ளையடிப்பது. வெட்டுவது, காயப்படுத்துவது என்ற பொருளும் உண்டு. ‘பொய்யாகச் செய்வது’ என்ற இன்றைய பொருள் பிற்பாடு மேலோங்கியதுதான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருநூறு ஆண்டுக்கு முந்தைய அந்தப் பொருள்தான் இன்றைய வீடியோவுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

அதைத் தமிழில் ‘போலி’ என்று பெயர்க்கிறோம். ‘போல்’ என்ற அடியிலிருந்து வந்த சொல் போலி. போலவே இருப்பது. நம் இலக்கணத்தில் இதற்கு மரியாதையான இடம் உண்டு. மயல் என்பது மையல் ஆனால் முதற்போலி, அமச்சு அமைச்சு ஆனால் இடைப்போலி, அறம் அறன் ஆனால் கடைப்போலி, ஐந்து அஞ்சு ஆனால் முற்றுப்போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது, அதுதான் இலக்கணப் புத்தகம் சொல்லும் போலி. நம் வீடியோவில் நடப்பது நேர் எதிர். அறத்தை அறன் என்று எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு பெண்ணின் முகம் எழுத்து மாறாமல் அப்படியே இருக்க, அதன் பொருளை மாற்றிவிடுகிறார்கள்.

அன்றாடப் பேச்சில் ‘போலி’ கெட்ட சொல்தான். போலி டாக்டர், போலிச் சான்றிதழ், போலிச் சாமியார், போலி மருந்து. ஆனால் இவற்றில் எல்லாம் பாதிக்கப்பட்டவர் யார்? நம்பியவர். டாக்டர் என்று நம்பி ஊசி போட்டுக்கொண்டவர், சான்றிதழை நம்பி வேலை கொடுத்தவர். ‘போலி’ என்றாலே பார்ப்பவர் ஏமாந்தாரா என்ற கேள்விதான் முன்னால் வரும். சில டீப்ஃபேக்குகளுக்கு அது பொருந்தும். ஹாங்காங்கில் ஒரு பிரிட்டன் பொறியியல் நிறுவனத்தின் கிளையில் பணிபுரிந்த ஊழியர், வீடியோ கூட்டத்தில் தலைமை நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் பேசுவதாக நம்பி, 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிவிட்டார். கூட்டத்தில் இருந்த மற்ற அத்தனை பேரும் உருவாக்கப்பட்டவர்கள். 2024 தொடக்கத்தில் வெளிவந்த செய்தி. அது சுத்தமான போலி.

ஒரு பெண்ணின் முகத்தை எடுத்து ஆபாசமாக்குவது அப்படி இல்லை. என் அக்கா மகளுடைய கல்லூரித் தோழி ஒருத்திக்கு இது நடந்தது. அவளும் என்னை சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அது நீ இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறதே, யாரும் நம்ப மாட்டார்கள் என்று தேற்றப் பார்த்தேன். “நான் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும் சித்தி. ஆனா பாத்துட்டாங்களே” என்றாள். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. அவளுடைய வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் அன்றிலிருந்து ஒரு செம்பருத்திப் பூதான் இருக்கிறது.

நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை டீப்ஃபேக் நம் ஊரில் பேசப்படுவதற்கு முன்பே லோன் ஆப்காரர்கள் காட்டிவிட்டார்கள். சில ஆயிரம் ரூபாய் கடன், அதற்காகப் போனில் உள்ள எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி. தவணை தவறினால் முகத்தை வெட்டி ஒட்டிய படம் மாமியாருக்கும் மேலாளருக்கும் போகும். வெட்டு அப்பட்டமாகத் தெரியும், ஆனாலும் உயிரை விட்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படக் கோப்புகளையும் தொடக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

அப்போதெல்லாம் நாம் சொன்ன சொல் ‘மார்ஃபிங்’. கிரேக்கத்தில் ‘மார்ஃபே’ என்றால் உருவம், அங்கிருந்து வந்தது. சினிமா கிராஃபிக்ஸில் ஓர் உருவம் மெல்ல மெல்ல வேறு உருவமாக மாறுவதைச் சொல்ல வந்த சொல், நம் ஊரில் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. 2021-ஆம் ஆண்டின் இந்தியத் தகவல் தொழில்நுட்ப விதிகளிலும் ‘செயற்கையாக மார்ஃப் செய்த படம்’ என்ற தொடர் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றன அந்த விதிகள். ஆனால் மார்ஃபிங்கும் உருவத்தைத்தான் பேசுகிறது. உருவத்துக்கு உரியவரைப் பேசவில்லை.

மற்ற நாட்டார் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவில் 2025 மே மாதம் கையெழுத்தான சட்டம், ஒப்புதல் இல்லாத அந்தரங்கப் படத்தை 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்கிறது. அதில் டீப்ஃபேக்குக்கு வைத்த பெயர் ‘டிஜிட்டல் ஃபோர்ஜரி’, கள்ளக் கையெழுத்துக்குச் சொல்லும் அதே சொல். கையெழுத்தும் முகமும் ஒருவருக்கு உரியவை என்ற எண்ணம் அதில் இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. தென்கொரியாவில் வழங்கும் ஒரு சொல் இன்னும் கூர்மையானது. ‘ஜிஇன் நுங்யோக்’, தெரிந்தவரை இழிவுபடுத்துவது. செய்கிறவன் வகுப்புத் தோழன், உடன் வேலை பார்ப்பவன், சில சமயம் உறவுக்காரன் என்பதை அந்தச் சொல் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. டெலிகிராம் குழுக்களில் பள்ளி மாணவிகளின் முகங்கள் சுற்றியது வெளிவந்த பிறகு, 2024 செப்டம்பரில் அங்கே இத்தகைய வீடியோவை வைத்திருப்பதும் பார்ப்பதும்கூடக் குற்றமாக்கப்பட்டது. இந்திய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவில் ‘செயற்கையாக உருவாக்கப்பட்ட தகவல்’ என்றது. அது எல்லாவற்றையும் அடக்கும் சொல், ஆனால் அதில் வலி எதுவும் இல்லை.

நமக்குப் பழகிய ‘ஆள்மாறாட்டம்’ சரிவருமா என்று யோசித்தேன். பரிட்சையில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் எழுதுவது ஆள்மாறாட்டம். குரலை நகலெடுத்து, “அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, பணம் அனுப்பு” என்று பேசி ஏமாற்றுவதற்கு அது அழகாகப் பொருந்தும். முகம் பறிபோன பெண்ணுக்குப் பொருந்தாது. அங்கே யாரும் அவளுக்குப் பதிலாக வந்து நிற்கவில்லை, அவளையே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

அதனால் நான் இரண்டு சொல் வைத்துக்கொள்கிறேன். கருவி செய்து தரும் பொருளுக்கு ‘ஆழ்போலி’. ஆழ்கற்றலோடு ஒட்டி நிற்கிறது, வாய்க்கும் எளிது. சம்மதம் இல்லாமல் ஒருவர் முகத்தை எடுத்துச் செய்யும் செயலுக்கு ‘முகத்திருட்டு’. குரலானால் ‘குரல்திருட்டு’. எல்லா ஆழ்போலியும் திருட்டு ஆகாது. ஒரு நடிகர் ஒப்புக்கொண்டு இளமையாகத் தோன்றினால் அது ஆழ்போலி மட்டும். இறந்தவர்கள் விஷயத்தில் எனக்கே தடுமாற்றம்தான். 2024 ஜனவரியில் கருணாநிதி ஏஐ வீடியோவில் தோன்றி வாழ்த்தினார், பிப்ரவரியில் ஜெயலலிதா குரலில் ஒலிப்பதிவு வந்தது. வெளியிட்டவை அவரவர் கட்சிகளே. இறந்தவர்களிடம் கேட்க வழியில்லை. அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சம்மதம் என்று சொல்லவும் வரவில்லை.

‘ஆபாசப் படம்’, ‘ஆபாசமாகச் சித்தரித்து’ என்ற இரண்டையும் செய்தி எழுதுபவர்கள் கைவிட்டால் பெரிய உதவி. திருடனைப் பற்றிய செய்தியில் பெண்ணின் பக்கத்தில் ‘ஆபாசம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பிரிவில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். படத்தை அழிக்கும் முன் இணைப்பையும் தேதியையும் திரைப்பதிவாக எடுத்து வையுங்கள். பணம் கேட்டு மிரட்டி, கொடுத்தும்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

என் அக்கா மகளின் அந்தத் தோழி பெயர் போட்டே மனு கொடுத்தாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதினாள். முதல் வரி, “என்னுடைய ஆபாசப் படம் இணையத்தில் பரவி வருகிறது.” எழுதியதும் ‘என்னுடைய’ என்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாளைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தாள். “கல்லூரி ஆண்டு விழாவில் எடுத்த படத்திலிருந்து என் முகத்தைத் திருடி” என்று தொடங்கினாள். காவல் நிலையத்தில் வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அதில் ‘ஆபாசப் படம் தொடர்பாக’ என்று எழுதியிருந்தது. அவள் ரசீதை மடித்துப் பையில் வைத்தாள், மனுவின் நகலைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.