மருந்துச் சீட்டுக்குள்ள ஒரு வீடு இருக்கு

ரெண்டு காலும் வீங்கிப்போய் ஒருத்தர் வந்தார், அறுபது வயசு இருக்கும், விரலால அமுக்கினா குழி விழுது. ஹார்ட்டா கிட்னியான்னு எல்லா டெஸ்டும் பாத்தாச்சு, பெருசா ஒண்ணும் இல்ல, சரின்னு நீர் பிரியறதுக்கு ஒரு மாத்திரை எழுதி "படுக்கும்போது காலுக்கு ஒரு தலகாணி வச்சு உயர்த்திப் படுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். பத்து நாள் கழிச்சு அதே கால், அதே வீக்கம். மாத்திரை போட்டீங்களான்னு கொஞ்சம் கோவமாவே கேட்டேன் (இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு). தலைய குனிஞ்சுக்கிட்டே சொன்னாரு, "நான் படுக்குறதே இல்ல டாக்டர். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல உக்காந்தபடியே தூங்குறேன், படுத்தா எழுப்பி விரட்டிடுவாங்க. அந்த மாத்திரைய போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது, ராத்திரி கக்கூஸைப் பூட்டிடுறாங்க, நான் எங்க போறது?"

அவருக்கு வியாதியே அந்த பெஞ்சுதான். ராப்பகலா கால் தொங்கிட்டே இருந்தா, கெண்டைக்கால் சதை அசைஞ்சு ரத்தத்த மேல தள்ளுற வேலை நடக்காது, ரத்தக்குழாய்க்குள்ள அழுத்தம் ஏறி நீர் வெளிய கசிஞ்சு கணுக்கால்ல சேரும். மாசக்கணக்குல இப்படியே போனா தோல் கருத்து, மெலிஞ்சு, சின்னதா ஒரு கீறல் பட்டாக்கூட ஆறாத புண்ணாயிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்ல. எங்க தூங்குறீங்கன்னு ஒரு கேள்விய நான் கேக்கல, அவ்ளோதான்.

அன்னைக்கு அப்புறம் நான் எழுதுற சீட்டையே திருப்பிப் படிக்க ஆரம்பிச்சேன். சாப்பாட்டுக்குப் பிறகு மூணு வேளைன்னா மூணு வேளை சாப்பாடு இருக்கணும். சொறி சிரங்குக்கு கழுத்துக்கு கீழ உடம்பு பூரா க்ரீம் தடவி, எட்டு மணி நேரத்துக்கு மேல வச்சிருந்து குளிச்சு, துணி படுக்கை எல்லாத்தையும் சுடுதண்ணில துவைக்கணும்னு சொல்றோம், இதுல குளிக்கிற இடம், மாத்துத் துணி, சுடுதண்ணி, கதவு மூடுற ஒரு ரூம்னு நாலு விஷயம் ஒளிஞ்சிருக்கு. நாம எழுதுறது மருந்து மட்டும் இல்ல, அதுக்குள்ள ஒரு வீடு இருக்குன்னு நாமளே நெனச்சுக்கிட்டு எழுதுறோம், அந்த வீடு இல்லாதவர் திரும்பி வந்தா "சொன்னதைக் கேக்க மாட்டாரு"ன்னு கேஸ் ஷீட்ல வேற எழுதி வச்சிடுறோம்.

இன்சுலின்னு வந்தா எல்லாரும் ஃப்ரிட்ஜ் பத்திதான் கவலைப்படுவாங்க. அது உண்மைல சமாளிக்கக்கூடியதுதான், பயன்படுத்த ஆரம்பிச்ச இன்சுலின்ல பெரும்பாலான வகைங்க 30 டிகிரிக்குள்ள வெளியவே 28 நாள் வரைக்கும் தாங்கும், அதனால மொத்தமா குடுக்காம ஒவ்வொண்ணா குடுத்தா போதும். எனக்கு பயம் வேற. ஊசி போட்டாச்சு, கெடைக்கும்னு நெனச்ச சாப்பாடு கெடைக்கல, சர்க்கரை சடார்னு இறங்கி வேர்த்து உளறி ரோட்டோரமா விழுந்து கிடப்பாங்க, பாக்குறவங்க குடிச்சிட்டு கிடக்குறான்னு தாண்டிப் போவாங்க. வாசனைய வச்சு முடிவு பண்ணாதீங்க, குடிச்சவருக்கும் சர்க்கரை இறங்கும். கூப்பிட்டுப் பாருங்க, பதில் இல்லன்னா, மூச்சு சரியில்லன்னா ஆம்புலன்ஸ்க்கு போன் பண்ணுங்க. நினைவில்லாதவர் வாய்ல எதையும் ஊத்தாதீங்க. இப்படிப்பட்டவங்களுக்கு முடிஞ்சவரைக்கும் மெட்ஃபார்மின் மாதிரி, தனியா எடுத்தா சர்க்கரைய அதிகமா இறக்காத மருந்தாத்தான் நான் பாக்குறது, ரிப்போர்ட்ல நம்பர் கொஞ்சம் கூடவே இருந்தாலும் பரவாயில்ல.

குடின்னு சொன்னதும் ஞாபகம் வருது, "முதல்ல குடிய விடட்டும், அப்புறம் தங்க இடம் குடுக்கலாம்"னு நல்ல மனசுக்காரங்களே சொல்றாங்க. பல வருஷமா தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், உயிரே போகலாம், அத ரோட்டுல உக்காந்து செய்னு சொல்றது எந்த ஊர் நியாயம்? 1992ல நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்ங்கிற உளவியலாளர் இத தலைகீழா போட்டாரு, எந்த நிபந்தனையும் இல்லாம முதல்ல வீடு, சிகிச்சை எல்லாம் அவங்க விருப்பப்படி பிறகு. "முதலில் வீடு"ங்கிற இந்த முறைய 2008லேர்ந்து ஃபின்லாந்து நாட்டுக் கொள்கையாவே எடுத்துக்கிச்சு, பழைய இரவு விடுதிங்கள வாடகை வீடா மாத்துனாங்க. கனடால அஞ்சு நகரத்துல சுமார் 2000 பேர வச்சு ஆராய்ச்சி பண்ணப்போ, கடைசி ஆறு மாசமும் முழுசா வீட்டுல இருந்தவங்க இந்த முறைல 62 சதவீதம், வழக்கமான முறைல 31. உடம்பும் மனசும் அதே அளவுக்குத் தேறிடலங்கிறதையும் சொல்லணும். வீடு மருந்து இல்ல, மருந்த வச்சுக்கிற இடம்.

கனடால ஆராய்ச்சி நடந்த அந்த அஞ்சு நகரத்துல மாங்க்டன்னு ஒரு சின்ன நகரமும் உண்டு, எனக்கு அது முக்கியமாப் படுது. சின்ன ஊர்க்காரங்ககிட்ட பேசினா "எங்க ஊர்ல அப்படி யாரும் இல்ல"ம்பாங்க. ரோட்டுல படுத்திருக்கவங்க இல்லதான். சொந்தக்காரங்க வீட்டுல நாலு நாள், சிநேகிதன் ரூம்ல ரெண்டு நாள், வேலை பாக்குற குடோன்ல, நிறுத்தி வச்ச வண்டில, ராத்திரி முழுக்க ஓடுற பஸ்ல. அடிக்கிற புருஷன்கிட்டயே திரும்பிப் போற பொம்பளைங்களும் இதுல சேத்திதான், போக்கிடம் இருந்தா போவாங்களா? அடுத்தவங்க தயவுல தங்குறதையும் வன்முறை நடக்குற வீட்டுல இருக்குறதையும் வீடற்ற நிலையையும் வீட்டு வசதி இல்லாமையையும் வகை பிரிக்கிற ஐரோப்பாவோட ஈதோஸ் பட்டியல், பாதுகாப்பில்லாத குடியிருப்புன்னு கணக்குல சேக்குது. ஆனா எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச ஊர்ல இத யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, ஆஸ்பத்திரி ஃபார்ம்ல காலி பண்ணின வீட்டு அட்ரஸையே எழுதுவாங்க, நாமளும் அதுக்கே லெட்டர் போட்டுட்டு "அப்பாயிண்ட்மென்ட்டுக்கு வரல"ன்னு கோடு போட்டுடுவோம்.

அதனால "வீடு எங்க"ன்னு இப்பல்லாம் கேக்குறதில்ல. நேத்து ராத்திரி எங்க தூங்குனீங்க, இன்னைக்கு எங்க? இந்த ரெண்டு கேள்விக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் செருப்ப கழட்டச் சொல்லி பாதத்தப் பாக்குறேன். ஈரத்துலயே ஊறுற பாதம் தண்ணி உறையற அளவுக்கு இல்லாத குளிர்லயே மரத்து வெந்துபோகும். யாராவது என்ன வாங்கிக் குடுக்கலாம்னு கேட்டா, நான் மொதல்ல சொல்றது காஞ்ச சாக்ஸ், ரெண்டு ஜோடி.

அந்தப் பெரியவருக்கு சோஷியல் வொர்க்கர் மூலமா ஒரு இரவுத் தங்குமிடத்துல கட்டில் கெடைச்சுது. மாத்திரை இல்லாமலே ஒரே வாரத்துல வீக்கம் பாதியாச்சு. ஆனா காலைல 6 மணிக்கு வெளிய வந்துடணும், பகல் பூரா மறுபடி பெஞ்சு. அதனால மத்தியானம் ஓபி முடிஞ்சதும் எங்க வெயிட்டிங் ஹால் கடைசி வரிசைல ரெண்டு நாற்காலிய எதிரெதிரா போட்டுக் குடுக்கச் சொல்லியிருக்கேன், கால நீட்டி ஒரு மணி நேரம் தூங்குவாரு. முதல் நாள் செக்யூரிட்டி வந்து தட்டி எழுப்பிட்டாரு. இப்ப அவரே நாற்காலிய இழுத்துப் போட்டு வைக்கிறாரு.