ஏலியன் படம் முடிந்த பிறகும் பிள்ளைக்குப் பயம் போகவில்லையா?

குழந்தைகளும் ஏலியனும் சேர்ந்து வரும் படம் என்றால் பெற்றோர் பெரும்பாலும் யோசிக்காமல் போட்டுவிடுகிறார்கள். போஸ்டரில் பெரிய கண்களோடு ஒரு ஜந்து, சுற்றிலும் சிரிக்கும் பிள்ளைகள், மேலே ஒரு விண்கலம். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். பேய்ப்படம் என்றால் நாமே தள்ளி வைத்துவிடுவோம். இதைத் தள்ளி வைக்க மாட்டோம். குழந்தைகள் மனநல ஆலோசகராக நான் கவலைப்படுவது அதனால்தான்.

அப்படி ஒரு படத்தைப் பற்றிப் பெற்றோர் சிலர் அடுத்தடுத்துச் சொன்னதால் நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது. மூன்று பிள்ளைகள், பரணில் ஒளிந்திருக்கும் ஒரு ஏலியன். முதல் பாதி முழுக்க அது ஒரு பொம்மை மாதிரி கொஞ்சப்படுகிறது. இடைவேளைக்குப் பிறகு திடீரென்று சீறுகிறது, கடிக்க வருகிறது. ஏன் மாறியது என்று யாரும் சொல்வதில்லை. கடைசித் தங்கை காணாமல் போகிறாள், திரும்பி வருகிறாள். எங்கே இருந்தாய், பயந்துபோனாயா என்று அவளைக் கட்டிப்பிடித்துக் கேட்க ஒரு பெரியவர்கூட அந்தப் படத்தில் இல்லை. ஏலியன் மறைந்துவிட்டது என்கிறார்கள். அப்புறம் கடைசி ஷாட்டில், ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே மூன்று விரல்கள் ஊர்ந்து வருகின்றன. இரண்டாம் பாகத்துக்கான அச்சாரம்.

பெரியவர்கள் 'படம் சுமார்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். திரைக்கதையில் ஓட்டை என்பது நமக்குச் சலிப்பு, அவ்வளவுதான். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஓட்டை வழியாகத்தான் பயம் உள்ளே வருகிறது. கிளப்பிவிட்ட பயத்தைக் கதையே முடித்து வைத்தால் பிள்ளை பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கப் போகும். முடித்து வைக்காத கதையைப் பிள்ளை தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறது.

அந்தப் படத்தைப் பார்த்த ஆறு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பொழுது சாய்ந்தால் போதும், வீட்டில் எல்லா ஜன்னலையும் அவனே போய்ச் சாத்துகிறான். பாத்ரூமுக்குத் தனியாகப் போவதில்லை. 'அதெல்லாம் பொய்டா, கிராபிக்ஸ்' என்று நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன் மேடம் என்றார் அவர். பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்தேன். வீடு வரைந்தான், ஜன்னல் வரைந்தான், ஜன்னலுக்குள் மட்டும் கறுப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். ஏலியனைக் காணோமே என்று கேட்டேன். 'அது உள்ள வந்துடுச்சு, அதான் தெரியல' என்றான்.

அதற்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'அதோட அம்மா எங்கேன்னு தெரியல' என்றான். படம் சொல்லாமல் விட்டதை அவன் சொல்ல ஆரம்பித்தான். அடுத்தடுத்த சந்திப்புகளில் அந்தக் கதையை அவன் வரைந்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா விண்கலத்தில் வந்து கூட்டிப்போனதை வரைந்த பிறகு, ஜன்னல் சாத்தும் வேலை மெல்ல மெல்லக் குறைந்தது.

'அது நிஜமில்லை' என்று சொல்வது ஏன் பலிக்கவில்லை? அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜோவான் கேன்டர், திரையைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இந்தச் சமாதானம் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு உதவுகிறது, பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளுக்கு அவ்வளவாக உதவுவதில்லை என்று அவரும் சக ஆய்வாளர்களும் 1980-களிலேயே கண்டார்கள். 'ஹல்க்' தொலைக்காட்சித் தொடரை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் தெளிவானது. சாதாரண மனிதன் ஒருவன் பச்சை நிற ராட்சச உருவமாக மாறுவதுதான் ஹல்க். அவன் நல்லவன், காப்பாற்ற வருகிறவன். ஆனாலும் சின்னக் குழந்தைகள் அவன் பச்சை உருவத்துக்கு மாறிய பிறகுதான் அதிகம் பயந்தார்கள். அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதுதான் உண்மை. ஏலியன் நல்லது என்று வசனத்தில் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கும் இயக்குநர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பயம் சில்லறை விஷயமும் இல்லை. கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் சிறுவயதில் அல்லது பதின்ம வயதில் திரையில் பார்த்த ஒன்று தங்களைப் பயமுறுத்தியதை நினைவுகூர்ந்தார்கள். நாலில் ஒருவருக்கு அதன் மிச்சம் இன்னும் இருந்தது.

நன்றாக எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 1982-ஆம் ஆண்டுப் படமான 'ஈ.டி.' இருக்கிறது. அதில் கேமரா பெரும்பாலும் பிள்ளைகளின் கண் உயரத்திலேயே நிற்கிறது. நடித்த குழந்தைகளுக்கு உணர்ச்சிகள் இயல்பாக வர வேண்டும் என்று, காட்சிகளைக் கிட்டத்தட்டக் கதை வரிசையிலேயே படமாக்கினார்கள். சோளக் கொல்லையில் டார்ச் வெளிச்சத்தில் பையனும் ஏலியனும் முதல் முறை நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் இடத்தைக் கவனியுங்கள். இவன் அலறுகிறான், அதுவும் அலறிக்கொண்டு ஓடுகிறது. அதுக்கும் பயம்தான் என்பது பார்க்கும் பிள்ளைக்கு அந்த நொடியே புரிந்துவிடுகிறது. கடைசியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் விடைபெற்றுவிட்டுத்தான் அது கிளம்புகிறது. எங்கே போகிறது, யாரோடு போகிறது, எல்லாம் தெரிகிறது. இருந்தாலும் அந்தப் படத்தைக்கூட நாலு வயதுப் பிள்ளைக்குப் போடச் சொல்ல மாட்டேன். அந்த ஏலியன் வெளிறிப்போய்க் கிடக்கும் காட்சி அந்த வயதுக்குத் தாங்காது.

சரி, பிள்ளை ஏற்கெனவே பார்த்துப் பயந்துவிட்டது, என்ன செய்வது? ஏழு வயதுக்குள் என்றால் விளக்கத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். மடியில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், தூங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருங்கள். 'இதுக்குப் போயா பயப்படுறே' என்ற பேச்சே வேண்டாம். பாதியில் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், பிள்ளையின் மனதில் அந்த மோசமான காட்சியே நின்றுவிடும். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் நிறுத்திவிட்டு, முடிவை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். எட்டு, ஒன்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விவரம் உதவும். அந்த உருவத்தை எப்படிச் செய்தார்கள் என்று காட்டலாம். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியே 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, 1977-இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் போகும் வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கேட்டதும் தோளைத் தளர்த்துவதைப் பார்த்திருக்கிறேன்.

தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் மூன்றில் ஒன்று கெட்டு, சில வாரங்களாகியும் சரியாகவில்லை என்றால் தயங்காமல் ஆலோசகரைப் பாருங்கள். சில சமயம் படம் ஒரு சாக்காகத்தான் இருக்கும். உள்ளே வேறு ஒரு பயம் இருக்கும், வீட்டில் நடந்த ஒரு சண்டையோ பள்ளியில் யாரோ மிரட்டியதோ.

இரண்டாம் பாகம் வந்தால் காட்டலாமா என்றும் கேட்கிறார்கள். முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். ஏலியன் கடைசியில் எங்கே போனது, காணாமல் போன பிள்ளையை யார் தேற்றினார்கள், இந்த இரண்டுக்கும் படத்தில் பதில் இருந்தால், எட்டு வயது தாண்டிய பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பகலில் பாருங்கள். பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.