கள்ளுக்கு வயது மணிக்கணக்கில்

பினாங்கின் ஜோர்ஜ் டவுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் கூடி நடத்திய சந்தையில் உள்ளூர் மதுவகைகளுக்கென்று ஒரு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். 21 வயது நிரம்பாதவர்களுக்கு இல்லை என்ற அறிவிப்பைத் தாண்டிப் போனால் முதலில் சரவாக்கின் துவாக், அடுத்து சபாவின் லீஹிங், கடைசி மேசையில் தென்னங்கள். மற்ற மேசைகளில் மூடி திருகிய புட்டிகள் அடுக்கியிருந்தன. கள் மேசையில், வாயில் துணி கட்டிய ஒரு குடம் மட்டும் இருந்தது. செபராங் பிறையிலிருந்து அதை விடியற்காலையில் கொண்டுவந்த பெரியவர், வந்தவர்களிடம் எத்தனை குவளை என்று கேட்கவில்லை. “இப்போதே வேண்டுமா, மதியம் வருகிறீர்களா?” என்றுதான் கேட்டார்.

நான் இரண்டு வேளையும் போனேன். காலை ஒன்பது மணிக்குக் கிடைத்தது இளநீரைவிட இனிப்பான, மெல்ல நுரைத்துக்கொண்டிருந்த வெள்ளை நீர். மதியம் இரண்டு மணிக்கு அதே குடத்திலிருந்து அதே கை ஊற்றிக் கொடுத்ததில் இனிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. நாக்கில் புளிப்பு சுண்டியது, மூக்கில் காரம் ஏறியது. இடையில் அவர் அதில் எதையும் சேர்க்கவில்லை, அடுப்பில் ஏற்றவும் இல்லை. அந்த ஐந்து மணி நேரத்தில் குடத்துக்குள் நடந்தது என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் தாத்தா ஒரு தென்னந்தோட்டத்தில் மரமேறியாக இருந்தவர். அவருடைய கைவேலை எவ்வளவு நுட்பமானது என்பது எனக்கு அவர் போன பிறகுதான் புரிந்தது.

கதை மரத்தின் உச்சியில் தொடங்குகிறது. ஓலைகள் வெயிலைக் கொண்டு தயாரிக்கும் சர்க்கரையைத் தென்னை தன் பாளைக்கு அனுப்புகிறது. ஒரு பாளைக்குள் ஆயிரக்கணக்கான ஆண் பூக்களும் கொஞ்சம் பெண் பூக்களும் விரியக் காத்திருக்கின்றன. அவை வளரவும் பின்பு காயாகவும் நிறையச் சர்க்கரை வேண்டும். ஃபுளோயம் எனப்படும் மெல்லிய குழாய்களின் வழியே அந்தச் சர்க்கரை நீர் அழுத்தத்தோடு வந்துகொண்டே இருக்கிறது. மரமேறி, பாளை வெடிப்பதற்கு முன்பே அதை இறுகக் கட்டுகிறார். பல நாட்கள் மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்துகிறார். ஒடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கி வளைக்கிறார். பிறகு நுனியைச் சீவி, நீரைப் பிடிக்கும் கலயமான முட்டியைக் கட்டுகிறார். பூவுக்குப் போக வேண்டிய சர்க்கரை முட்டிக்குள் சொட்டத் தொடங்குகிறது.

மரம் இதைச் சும்மா விட்டுவிடுவதில்லை. நம் உடம்பில் காயம் பட்டால் இரத்தம் உறைகிறது அல்லவா? அதுபோலத் தென்னையும், வெட்டுப்பட்ட குழாய்களின் சல்லடைத் துளைகளைக் கேலோஸ் என்ற பொருளைக் கொண்டு அடைக்கப் பார்க்கும். அதனால்தான் காலையும் மாலையும் மரமேறி மேலே போய் ஒரு மெல்லிய வில்லையைச் சீவ வேண்டியிருக்கிறது. வில்லை தடித்துப்போனால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மிக மெலிந்தால் அடைப்பு நீங்காது. தாத்தாவுக்குக் கேலோஸ் என்ற பெயர் தெரியாது. “பாளை கண்ணை மூடிக்கொள்ளும், நாம்தான் திறந்துவிட வேண்டும்” என்பார். அந்தக் கத்தியை அவர் வேறு எந்த வேலைக்கும் தொடவிட்டதில்லை. நல்ல மரம் ஒன்று நாளுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தரும். பாளை ஒன்றைச் சீவிச் சீவி ஒரு மாதத்துக்கு மேலும் ஓட்டலாம்.

சீவிய இடத்திலிருந்து விழும் முதல் துளியில் மது துளியும் இல்லை. நூற்றுக்கு 12 முதல் 18 பங்கு வரை சுக்ரோஸ், அதாவது நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரை. கூடவே சிறிது அமினோ அமிலங்கள், உயிர்ச்சத்துகள், தாது உப்புகள். புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. நுண்ணுயிர்களுக்கு இப்படி ஒரு விருந்து எளிதில் அமையாது. காற்றில் மிதப்பவை, தேனீயும் குளவியும் காலில் சுமந்துவருபவை என்று எல்லாம் முட்டிக்குள் வந்து சேர்கின்றன. ஆனால் பெரும்படை வெளியிலிருந்து வருவதே இல்லை. அது முட்டியின் சுவரிலேயே, நேற்றைய கள்ளின் மிச்சமாகக் காத்திருக்கிறது. பாலுக்கு உறை ஊற்றுவது போன்றதுதான் இது. பால் சட்டியில் மோரை நாம் ஊற்றுகிறோம். கள் முட்டியே தனக்கு உறையாக இருக்கிறது.

முட்டிக்குள் யார் முதலில் வேலையைத் தொடங்குகிறார்கள் என்பது சுவையான விஷயம். ஈஸ்ட் மட்டும்தான் மதுவை உண்டாக்குகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கள்ளில் அதற்கு முன்பே லியூகோனோஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிவிடுகின்றன. இட்லி மாவைப் பொங்கவைத்துப் புளிக்கவைக்கும் கூட்டமும் இவைதான். இவை சர்க்கரையின் ஒரு பகுதியை அமிலமாக்குகின்றன. புளிப்பை அளக்கும் பி.எச். அளவில் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; 7 என்ற நடுநிலையில் இறங்கிய நீர், ஒரு நாளுக்குள் 4 அல்லது அதற்கும் கீழே போய்விடுகிறது. புளிப்பு ஏற ஏற, அதைத் தாங்கமுடியாத பல கிருமிகள் ஒடுங்குகின்றன. ஈஸ்டுக்கோ அந்தப் புளிப்பு இதமானது. போட்டியாளர் குறைந்த வீட்டில் அது செழிக்கிறது.

சக்கரோமைசெஸ் செரிவிசியே என்ற இந்த ஈஸ்ட், முதலில் இன்வர்டேஸ் என்ற நொதியைக் கொண்டு சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃபுருக்டோஸ் என்று இரண்டாகப் பிளக்கிறது. பிறகு ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றிலிருந்து இரண்டு எத்தனால் மூலக்கூறுகளும் இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகளும் பிறக்கின்றன. இந்த வேலையில் ஈஸ்டுக்குக் கிடைக்கும் கூலி, ஏடிபி எனப்படும் ஆற்றல் நாணயம் இரண்டு. அதே குடத்தில் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற ஒரு பாக்டீரியாவும் உண்டு. அது வேறொரு வேதி வழியில் அதே வேலையைச் செய்கிறது. கூலியோ ஒரே ஒரு நாணயம். பிழைக்க வேண்டுமானால் அது ஈஸ்டைவிட வேகமாகச் சர்க்கரையைத் தின்று தீர்க்க வேண்டும், தின்றும் தீர்க்கிறது. ஐரோப்பாவில் ஆப்பிள் மது தயாரிப்பவர்கள் இந்தப் பாக்டீரியாவைக் கண்டால் அஞ்சுவார்கள், அது அவர்களுடைய பீப்பாயைக் கெடுத்துவிடும். பனைக் குடும்பத்து மரங்களின் கள்ளில் அது உழைப்பாளி. பினாங்கின் வெக்கையும் சேர்ந்துகொள்ள, குளிர்நாட்டில் பல நாள் எடுக்கும் வேலை இங்கே ஒரு பகலில் முடிந்துவிடுகிறது.

குடத்துக்கு ஏன் மூடி போடவில்லை என்று நான் பெரியவரைக் கேட்டேன். “மூடினால் அது மூச்சுவிட எங்கே போகும் தம்பி?” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு 5 பங்கு மது சேர்ந்த ஒரு லிட்டர் கள், அந்த நிலையை எட்டுவதற்குள் 20 லிட்டருக்கும் அதிகமான கரியமில வாயுவை வெளியே விட்டிருக்கும். இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் இவ்வளவும் அடைபட்டால் புட்டி வெடிக்கும். அந்தத் துணி தூசியையும் பூச்சியையும் தடுக்கிறது, வாயுவுக்கு வழிவிடுகிறது. குடத்துக்கு அதைவிடப் பொருத்தமான மூடி எனக்குத் தோன்றவில்லை.

மாலைக்குள் கள்ளில் மது பெரும்பாலும் நூற்றுக்கு 4 முதல் 6 வரை ஏறியிருக்கும். இருக்கும் சர்க்கரை முழுவதும் மதுவானால் அது இன்னும் உயர வேண்டும். ஆனால் லாக்டிக் பாக்டீரியாக்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மறுநாள் இன்னொரு கூட்டம் உள்ளே நுழைகிறது. அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு மதுவைக் காடியாக, அதாவது வினிகராக மாற்றுகின்றன. காலையில் பதமான இனிப்பு, மாலையில் மது, இரண்டு மூன்று நாளில் ஊறுகாய்க்கு உதவும் காடி என்று ஒரே நீருக்கு மூன்று பிறவி. கள்ளுக்கு ஆண்டுக் கணக்கில் வயது சொல்ல முடியாது.

இந்த ஓட்டத்தைத் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தவும் நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் போதும். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு நீரைக் காரமாக்கிவிடும், அதாவது புளிப்புக்கு நேர் எதிரான தன்மைக்குக் கொண்டுபோய்விடும்; ஈஸ்டும் பாக்டீரியாக்களும் அந்தக் காரத்தில் பெருக முடியாது. அப்போது இறங்குவது கள் இல்லை, பதநீர். அதைக் காய்ச்சினால் வெல்லம். மலாய்க்காரர்கள் குலா மலாக்கா என்று சொல்லும் பழுப்பு நிறத் தென்னை வெல்லத்தின் பிறப்பிடமும் பாளையின் இந்த நீர்தான். நாம் ஆசையாகச் சாப்பிடும் செண்டோலின் இனிப்பும் கள்ளும் ஒரே பாளையின் பிள்ளைகள். நடுவில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

பக்கத்து மேசையின் துவாக் வேறு வழியில் வந்தது. இபான் மக்கள் ஜூன் தொடக்கத்தில் கொண்டாடும் காவாய் திருநாளின் பானம் அது. லீஹிங், சபாவின் கடசான் டூசுன் மக்கள் மே மாத இறுதியில் கொண்டாடும் காமத்தான் அறுவடைத் திருநாளுக்கு உரியது. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒட்டும் பச்சரிசியான புளுட். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அதை ஈஸ்டால் நேரடியாகத் தின்ன முடியாது. ஆகவே முதலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டித் தர ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்வது பூஞ்சை. ராகி என்ற பெயரில் சந்தையில் விற்கும் வெள்ளை வில்லைகளைப் பார்த்திருப்பீர்கள். நம் கேழ்வரகுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அரிசிமாவில் பூஞ்சையையும் ஈஸ்டையும் சேர்த்து வளர்த்துக் காயவைத்த வில்லை அது. வெந்த அரிசி நன்றாக ஆறிய பிறகு ராகியைப் பொடித்துத் தூவுகிறார்கள். சூட்டோடு தூவினால் உயிர்கள் செத்துவிடும்.

ரைசோப்பஸ் முதலான பூஞ்சைகள் அமிலேஸ் நொதிகளைச் சுரந்து மாவுச்சத்தின் கிளைகளை நுனியிலிருந்து வெட்டுகின்றன. புளுட் அரிசியின் மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் கிளைகள் நிறைந்த அமைலோபெக்டின் வகை. நுனிகள் அதிகம், எனவே வெட்டு விரைவு. வெட்டி விழும் சர்க்கரையை ஈஸ்ட் அவ்வப்போது எடுத்துக்கொள்கிறது. ஒரே நேரத்தில் சர்க்கரை குவிந்தால் ஈஸ்ட் திணறும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைப்பதால் அது நெடுநாள் சோர்வின்றி உழைக்கிறது. ஆகவேதான் துவாக்கில் மது நூற்றுக்கு 10ஐத் தாண்டுவது சாதாரணம். இந்தத் தீபகற்பத்தில் ரப்பர் இலையில் பொதிந்து விற்கும் தாப்பாய் இனிப்பும் இதே ராகியின் வேலைதான்.

திராட்சைக் கொடிக்கு ஓய்வெடுக்கக் குளிர்காலம் இருந்தால் நல்லது. நம் ஈரக் காற்றில் அதைப் பூசணமும் விடாது. திராட்சை எளிதில் வளராத மண்ணில் இந்த மக்கள் கைக்கெட்டிய அரிசியையும் தென்னையையும் கொண்டு தங்கள் மதுவைக் கண்டுபிடித்தார்கள். திராட்சை மதுவுக்குக் கிடைக்கும் மரியாதை இவற்றுக்கும் உரியது என்பது என் உறுதியான எண்ணம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலாயாத் தோட்டங்களில் கள் ஒரு கண்ணியாகவும் இருந்தது. உழைத்த கூலி தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். கள் இறக்கிய தாத்தாவை மணந்த என் பாட்டி, அந்த இளைஞர்களின் பக்கம்தான் நின்றார். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகவே வாழ்ந்தன.

இன்னும் ஒரு குழப்பம் தீர வேண்டும். 2018இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். ‘நாட்டு மது என்றாலே விஷம்’ என்று அப்போது பலர் பேசினார்கள். சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது பிறப்பது எத்தனால். மெத்தனால் சிறிதளவு பிறப்பது, பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் சிதையும்போது. பாளை நீரில் பெக்டின் இல்லை என்றே சொல்லலாம். ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் ஒரு புட்டியில் இருந்தால், யாரோ தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனாலை அதில் ஊற்றியிருக்கிறார்கள் என்றே பொருள். உடலின் நொதிகள் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகின்றன; அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. வாசனையைக் கொண்டோ நிறத்தைக் கொண்டோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. உரிமம் பெற்ற இடத்தில் மட்டும் வாங்குங்கள் என்று அந்தப் பெரியவர் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான்.

நான்கு மணிக்கு அவர் மேசையைக் காலி செய்தார். துவாக் விற்றவர்கள் மிஞ்சிய புட்டிகளை அடுத்த சந்தைக்கென்று பெட்டியில் அடுக்கினார்கள். அவருக்கு அந்த வசதி இல்லை. குடத்தின் அடியில் ஈஸ்ட் வெள்ளையாகப் படிந்திருந்தது, மேலே தெளிந்து நின்றது. தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று சங்க காலத்தவர் வைத்த பெயர் நினைவுக்கு வந்தது. நான் அந்த அடிமண்டியில் ஒரு குவளை கேட்டேன். “ஆப்பத்துக்கா?” என்று சிரித்தார். ஆமாம் என்றேன். பாட்டி கள்ளுக்கடைக்கு எதிராக நின்றவர்தான். ஆனாலும் சனிக்கிழமை இரவு ஆப்ப மாவில் ஒரு கரண்டி கள் விடாமல் இருந்ததில்லை. அன்று இரவு அரைத்த மாவில் அதை ஊற்றிக் கலந்து மூடிவைத்தேன். காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நின்றது. சட்டியில் ஊற்றிச் சுழற்றியதும் வாயு வெளியேறி, நடுவில் நூறு கண்கள் திறந்தன.